நாலாவது ஃபேனும் எனக்கு வந்த மெமோவும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அப்பாவோடு கூடப்பிறந்த அத்தை எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒரு தலைவலிகூட வரக்கூடாது என்று தினமும் இரண்டு வேளை கடவுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. எனக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். வருகிற இருபதாம் தேதிக்குள் பதில் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். நீ கம்ப்யூட்டர் படித்தவன், அந்தப் பதிலை நீதான் எழுதித் தர வேண்டும்.

விஷயத்தைக் கேள். நான் கூட்டித் துடைக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை இருக்கிறது. உள்ளே சர்வர் என்று ஒரு மெஷின். ஊர் ஜனத்தோட சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் அதோட வயித்துலதான் இருக்காம். எங்களுக்கு இல்லாத ஏசி அதுக்கு இருக்கு. அதோட நெத்தியில சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சௌக்கியமா இருந்தா நீல வெளிச்சம், நோவு வந்தா மஞ்சள் வெளிச்சம், கூடவே எழுத்து ஓடும். பாவம், தனக்கு எங்க நோகுதுன்னு தானே எழுதிக் காட்டுது. மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா சொன்னா பாதி டாக்டருங்க வீட்டுக்குப் போயிடலாம்.

போன திங்கட்கிழமை மஞ்சள் வெளிச்சம் வந்திருச்சு. கம்ப்யூட்டர் பார்க்குறவர் வந்தாரு. அவருக்கு நாங்க வச்ச பேரு 'ஒரு நிமிஷம்'. யார் என்ன கேட்டாலும் அதைச் சொல்லிட்டு ஓடிடுவாரு. அந்தக் கண்ணாடி சின்னதுடா, சேதி முழுசும் ஒரே தடவையில தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துதான் வரும், நின்னு பார்க்கணும். இவர் எங்க நிக்கிறாரு? 'ஈ ஏழு'ன்னு முதல்ல வந்ததை மட்டும் குறிச்சுக்கிட்டு மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுட்டாரு. "மிச்சத்தையும் படிங்க சார், பாதிச் சேதியை வச்சுப் பார்த்தா முப்பது கோளாறு இருக்கு"ன்னு அவங்க சொல்றாங்க. இவரு முப்பதுக்கும் வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சாரு! செவ்வாய்க்கிழமை மெமரியை மாத்தினாரு, புதன்கிழமை டிஸ்க்கை மாத்தினாரு. மெஷின் அதே மஞ்சள் முகத்தோட உட்கார்ந்திருக்கு. வெளிய ரிசல்ட் வாங்க வந்த ஜனம் வாசல் வரைக்கும் நிக்குது, மாசமா இருக்கிற பொண்ணு ஒருத்தி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, மேனேஜர் என்ன பண்ணினாரு? கூட்டம் போட்டாரு. ஏழு பேர் பிஸ்கட் தின்னுக்கிட்டே கோளாறு என்னவா இருக்கும்னு யோசிக்கிறாங்க. அடுத்த ரூம்ல அது எழுதி எழுதிக் காட்டுது, படிக்க ஒரு ஆள் இல்ல.

மெஷின் கண்ணாடியைத் துடைக்கப் போன நான், கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். தினமும் கடவுள் முன்னாடி நிக்கிறவளுக்கு இது ஒரு கஷ்டமா? எட்டாவது வரைக்கும் படிச்சவளாச்சே, இங்கிலீஷை எழுத்துக் கூட்டினேன். ஈ ஏழு, ஃபேன், நாலு, நின்னு போச்சு. அவ்வளவுதான் விஷயம்! கூட்டத்துக்கு டீ கொண்டுபோனப்போ சொன்னேன்.

"சார், நாலாவது ஃபேன் சுத்தலையாம்."

மேனேஜர் தலையைத் தூக்கி மேல பார்த்தாரு. "சுத்துதேம்மா?"

"இது இல்ல சார், மெஷினுக்குள்ள இருக்கிறது."

நம்ம 'ஒரு நிமிஷம்' சாருக்குக் கோபம் வந்திருச்சு. "ஏக்கா, மெஷின் உங்ககிட்ட பேசுச்சாக்கும்?"

"பேசல தம்பி, எழுதுச்சு. நீங்கதான் நின்னு பார்க்கல."

ஏழு பேரும் சிரிச்சாங்க. மறுநாளே மெமோ வந்திருச்சு: நான் ஈரத்துணியால துடைச்சதுலதான் மெஷின் பழுதாச்சாம்! துணி காஞ்ச துணிதான்னு கடவுளுக்குத் தெரியும், ஆனா அவர் வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவாரா? அதனால நீ இப்படி எழுது: எனக்குப் படிக்கத் தெரியும், மெஷின் சேதியை முழுசாப் படிச்சேன், ஏழு பேர் முன்னாடி சொன்னேன். அந்தப் 'படிக்கத் தெரியும்'ங்கிறதைக் கொட்டை எழுத்துல போடு.

உங்க மூணு பேரையும் கடவுள் குறையில்லாம வச்சிருக்கணும். அந்த ஏழு பேரையும்தான், ஆனா அவசரமில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போட்டுடு. கவரை ஒட்டப் போற நேரத்துல கம்பெனி ஆள் வந்தாரு, கண்ணாடி முன்னாடி கடைசி எழுத்து வரைக்கும் நின்னாரு, நாலாவது ஃபேனை மாத்தினாரு, பத்தே நிமிஷத்துல நீல வெளிச்சம். மேனேஜர் பழைய மெமோவைத் தன் கையாலேயே கிழிச்சுட்டு, புதுசா ஒண்ணு கொடுத்திருக்காரு. அனுமதியில்லாம சர்வர் சேதியைப் படிச்சது ஒரு குத்தம், படிச்சதை எழுத்துல தெரிவிக்காதது இன்னொரு குத்தம். வாயால சொன்னது செல்லாதாம். அதனால அத்தைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது, சத்தத்தை வச்சுத்தான் ஃபேன்னு சொன்னாள்னு எழுதிடு. கடவுள்கிட்ட நான் பேசிக்கிறேன். வாங்கிக்கிட்டேன்னு நான் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அந்தப் பழைய மெமோதான், அதுவும் கிழிஞ்சாச்சு. கீழே இருக்கிறது மை கொட்டினது இல்லடா, பதில்ல கையெழுத்துக்குப் பதிலா வைக்கப் போற என் இடது கைப் பெருவிரல் ரேகை. நாலு தடவை பழகிப் பார்த்தேன், மூணாவது நல்லா விழுந்திருக்கு இல்ல?