ஜெர்மனியில் கசிந்த காற்று

பாசிர் கூடாங்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் செல்லப்பன் அவர்களுக்கு,

கமலநாதனின் பணிவான வணக்கம். குளுவாங்கில் உங்கள் முழங்காலும் மலர் அக்காவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை யோகேஸ்வரியும் நலம், தனித்தனியாக. வாட்ஸ்அப் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பீர்கள். என் கைப்பேசியை எப்படித் திறப்பது என்று உங்கள் தங்கைக்குத் தெரியும். அதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், இனிமேல் மதியம் சீரியல் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பாள் என்று நினைத்தேன். அவளோ ஹாலைக் காலி செய்து ஓர் ஆர்கனை வைத்துவிட்டாள். ஆர்கன் என்றால் நம் கல்யாண மண்டபத்து கீபோர்டு இல்லை மச்சான். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கீபோர்டு, காலால் மிதித்து வாசிப்பதற்குக் கட்டில் சட்டம் மாதிரி வரிசையாக மரக்கட்டைகள், ஒரு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் ஸ்பீக்கர். ஜெர்மனியில் ஏதோ கிராமத்துத் தேவாலயத்தில் முன்னூறு வருடப் பழைய குழாய் ஆர்கன் இருக்கிறதாம். அதன் ஒவ்வொரு குழாயின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்களாம். இவள் இங்கே கட்டையைத் தொட்டால் அந்தக் குழாய் இங்கே பாடும். வாசிப்பது பரோக் என்கிற பழைய ஐரோப்பிய இசை. நான்கு பேர் ஒரே சண்டையை ஒருவர் பின் ஒருவராக ஆரம்பித்து, கடைசியில் எப்படியோ சமாதானமாகப் போவது மாதிரி இருக்கும்.

நான் தொழிற்சாலையில் கம்ப்ரசர் பார்த்தே தலை நரைத்தவன். எங்கே காற்று கசிந்தாலும் என் காது விறைத்துக்கொள்ளும். முதல் நாள் அவள் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பதறிப்போய் அடுப்பை அணைத்தேன், கேஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவினேன், பக்கத்து வீட்டு சம்சாத் பேகத்தையும் கத்திக் கூப்பிட்டு ரோட்டில் நிறுத்திவிட்டேன். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்று வியாபாரத்துக்கு மிளகாய்ச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தவர், கரண்டியும் கையுமாக நின்றார். யோகேஸ்வரி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“கேஸ் இல்லங்க. ஆர்கனுக்குக் காத்து அடிக்கிற மோட்டார் சத்தம். அதையும் சேர்த்து ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க.”

“மோட்டார் எங்க இருக்கு?”

“ஜெர்மனியில.”

சம்சாத் பேகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அலமாக்! ஜெர்மனியில லீக் ஆனதுக்கா இங்க என் சம்பலைக் கருக விட்டீங்க, அண்ணே?”

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. கசிவு என்று தெரிந்தும் கைகட்டி உட்கார்ந்திருக்க என் தொழில் எனக்குக் கற்றுத்தரவில்லை.

இப்போது போன வாரத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு ஹாலிலேயே சின்னக் கச்சேரி. தாமான் குடியிருப்போர் சங்கத் தலைவர் மதிவாணன், சம்சாத் பேகம், அக்கம்பக்கத்தார் சிலர், முக்கியமாக ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பாதிரியார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய தேவாலய மண்டபத்தில் யோகேஸ்வரி பெரிய கச்சேரியே செய்யலாம். “காலமெல்லாம் பிள்ளைங்க பாடறதுக்குப் பின்னாலயே வாசிச்சிட்டேன். ஒரு தடவையாச்சும் எனக்குப் பிடிச்சதை வாசிக்கணும்” என்று சொல்லியிருந்தாள். பயத்தில் காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை.

அவள் புடவை மாற்றப் போன சமயத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நல்ல எண்ணம்தான் மச்சான். விருந்தாளிகள் வரும் வீட்டில் எதற்கு ‘ஸ்ஸ்ஸ்’? திரையில் அந்த ஆர்கனின் படம், நிறையக் குமிழ்கள், எல்லாம் ஜெர்மன் பெயர். ஓரத்தில் ஒன்றை அழுத்தினேன். கசிவு நின்றது. இத்தனை வருட அனுபவம் வீண்போகவில்லை என்று நிம்மதியாகப் போய் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் எடுத்து வைத்தேன்.

யோகேஸ்வரி வந்து வணங்கி உட்கார்ந்தாள். பத்து விரலையும் வைத்து அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினாள். மயான அமைதி. பரோக் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று மதிவாணன் மரியாதைக்குக் கைதட்டினார். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தியது அந்த மோட்டாரை. காற்று இல்லாமல் குழாய் எப்படிப் பாடும்? கம்ப்யூட்டருக்குக்கூட அந்த நியாயம் தெரிந்திருக்கிறது, கம்ப்ரசர்காரன் எனக்குத் தோன்றவில்லை.

ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். போட்ட அவசரத்தில் இன்னொரு குமிழிலும் கை பட்டுவிட்டது. அவள் ஆரம்பித்தாள். ஐயோ மச்சான், அத்தனை குழாயும் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கிக் கத்தின! குரலை நடுங்க வைப்பதற்கென்றே ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள் அந்த ஜெர்மன்காரர்கள். அவளுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில். வாசிப்பை நிறுத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, “அதை அணைங்க!” என்றாள்.

“எதை?”

“மேல! இடது பக்கம்!”

அவளுக்கு இடதா எனக்கு இடதா என்று கேட்க நேரமில்லை. ஒன்றைத் தொட்டேன், எக்காளம் சேர்ந்துகொண்டது. இன்னொன்றைத் தொட்டேன், தரைக்கடியிலிருந்து லாரி கிளம்புவது மாதிரி ஓர் உறுமல். மேசையில் இருந்த கறிபாப் எல்லாம் தட்டோடு நகர ஆரம்பித்தது. சம்சாத் பேகம், “யா அல்லா, என் வீட்டுப் பீங்கான்!” என்று எழுந்து ஓடினார். கடைசியில் யோகேஸ்வரி மூக்கால் திசை காட்ட, ஒவ்வொன்றாக அணைத்தேன்.

மிஞ்சியது ஒரே ஒரு மெல்லிய புல்லாங்குழல் மாதிரிச் சத்தம். அவளும் வேகத்தைக் குறைத்தாள். எங்கள் வீட்டுக் கூரை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது போல இருந்தது. அவள் கையை எடுத்த பிறகும் சத்தம் அந்த ஜெர்மன் தேவாலயத்தைச் சுற்றிவிட்டு மெதுவாகத்தான் அடங்கியது. ஓடிப்போன சம்சாத் பேகம் வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. என் கண் கலங்கியது மின்விசிறித் தூசியால்.

பாதிரியார் எழுந்து, அடுத்த மாதமே வந்து வாசிக்க வேண்டும் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததல்லவா? ஆனால் அன்றிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் சொல்கிறாள். சம்சாத் பேகம் இந்தப் பக்கம் எட்டி, “அண்ணே, உங்களைச் சாப்பிட வரச் சொல்றாங்க லா” என்கிறார். நானும் பதிலை அவர் மூலமாகவே அனுப்புகிறேன். ஆகவே அடுத்த ஞாயிறு அவசியம் புறப்பட்டு வந்து, ‘ஆர்கனா, புருஷனா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு’ என்று அண்ணன் முறையில் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும்.

தங்கள் ஆதரவை நம்பியிருக்கும்,
கமலநாதன்

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அவளே வந்து பேசினாள். பெரிய கச்சேரியில் பக்கத்தில் நின்று குமிழ்களைப் போட்டு அணைக்க ஓர் ஆள் வேண்டுமாம். “நானா? ஏன்?” என்றேன். “தப்பானது எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துட்டீங்க. இனி மிச்சம் இருக்கிறது சரியானதுதானே” என்றாள். ஒப்புக்கொண்டேன். மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்கவில்லை, அக்காவும் படிக்கவில்லை. உங்கள் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் தைத்த கறுப்புக் கோட்டை மட்டும் உடனே அனுப்பிவையுங்கள். எனக்கு வயிற்றில் பட்டன் சேராது, பரவாயில்லை. ஆர்கன் பக்கத்தில் நிற்பவன் கூட்டத்துக்கு முதுகைத்தான் காட்டுவான்.