இன்னும் ஒரு ஓட்டை மேலே

“இன்னும் ஒரே ஒரு ஓட்டை மேலே ஏத்திட்டேன்னா, உன் மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது,” என்றார் சின்ன மாப்பிள்ளை, மோட்டாரைக் கட்டிப்பிடித்தபடி.

“நேத்தும் ஒரு சொட்டுப் படாதுன்னுதான் சொன்னீங்க. வீட்டுக்குப் போய்த் தலை துவட்ட ரெண்டு துண்டு ஆச்சு,” என்றாள் மனைவி.

நேற்று வெள்ளோட்டம். இரண்டு நீளமான, வாய் மூடிய அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் பலகைத் தளம், நாலு நாற்காலி, வெயிலுக்கு ஒரு கூரை. இவ்வளவுதான் அந்த மிதவைப் படகு. இன்னொருவர் ஓட்டிப் பழகிய படகுதான் என்றாலும் குறை சொல்ல முடியாது. பின்னால் மாட்டியிருந்த மோட்டார் மட்டும் தாழ்ந்து தொங்கி, ஓடிய நேரமெல்லாம் ஏரியை வாரி வாரி உள்ளே இறைத்தது.

விற்றவரைப் போனில் பிடித்துக் கேட்டார்கள். “மோட்டார் விசிறிக்கு மேல ஒரு தட்டு இருக்குல்ல? அது தண்ணியில ஒரு விரக்கடை முங்கினா போதும். அதுக்கு மேல முங்கினா, போல்ட் போடற ஓட்டை வரிசையா இருக்கும், மோட்டாரை ஒவ்வொரு ஓட்டையா மேலே ஏத்தி மாட்டுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இன்று படகு ஒழுங்காக ஓடியே தீர வேண்டும். மாமனார் வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயால் சின்ன மாப்பிள்ளைக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு, “ம்... பரவாயில்லை.” பெரிய மாப்பிள்ளை தும்மினால்கூட “சபாஷ்!” என்பார். வசிஷ்டர் வாயால் பட்டம் வாங்குவதுபோல, அந்தச் சபாஷை ஒரே ஒரு தடவை வாங்கிவிட வேண்டும். படகு வாங்கியதே அதற்குத்தான் என்பது மனைவிக்குத் தெரியும். அதனால்தான் நேற்று நனைந்ததை மறந்து இன்றும் சிரித்த முகமாய் வந்திருந்தாள்.

படகு கரையில், அதைக் கொண்டுவந்த வண்டியின் மேலேயே நின்றது. ஒரு ஓட்டை ஏற்றி மாட்டியதும் மோட்டாருக்கு அடியில் இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்து, அது பல் ஆடுவதுபோல ஆடியது. முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். சின்ன மாப்பிள்ளை குனிந்து தேடினார். இரண்டு குழாய்களின் பின்முனையிலும், அடிப்பக்கமாக, தடித்த பித்தளை ஸ்க்ரூ ஒன்று தெரிந்தது. எதையும் எதோடும் அது இணைத்திருக்கவில்லை.

அவருக்குத் தையல் மெஷின் ரிப்பேர் தொழில். எந்த மெஷினைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். மெஷினும் எப்படியோ ஓடும். “எந்தக் கம்பெனியா இருந்தாலும் ரெண்டு ஸ்க்ரூ சும்மா அழகுக்குப் போட்டிருப்பான்,” என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. இரண்டையும் கழற்றி முட்டுக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தின. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார், வேறு யாரும் மெச்ச முன்வராததால்.

படகை நீரில் இறக்கித் துறையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் கட்டினார்கள். சின்ன மாப்பிள்ளை குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். தட்டு சரியாக ஒரு விரக்கடை முங்கியிருந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

மாமனாரும் பெரிய மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மாமனார் துறைப் பலகையிலிருந்து படகுக்குள் சமமாக ஓர் எட்டு வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே பின்ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டார்.

“கால் எட்டலையே,” என்றார். “தண்ணியில காலை விட்டுக்கிட்டே போகலாம்னு நெனச்சேன். ம்... பரவாயில்லை.”

அந்தப் ‘பரவாயில்லை’ சின்ன மாப்பிள்ளையைச் சுருக்கென்று குத்தியது. ஓட்டிக் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று மோட்டார் பக்கம் திரும்பினார். அங்கே பெரிய மாப்பிள்ளை குனிந்து நின்றார்.

“தம்பி, தட்டு நாலு விரல் முங்கியிருக்கே?”

“இப்பதானே அண்ணே பாத்தேன், ஒரு விரக்கடைதான் இருந்துது!”

“நான் லிப்ட் கம்பெனி சூப்பர்வைசர். ஏத்தறதும் இறக்கறதும்தான் என் பொழப்பு. என்கிட்டயேவா? ஒரு ஓட்டை ஏத்துங்க.”

இருவரும் மூச்சைப் பிடித்து மோட்டாரைத் தூக்க, மனைவி ஸ்பேனரைப் போட்டு முறுக்கினாள். பித்தளை ஸ்க்ரூக்களை மறுபடி முட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து முதுகைத் தடவிக்கொண்டார்கள். மனைவி கரைக்குப் போய் டீ பிளாஸ்க்கை எடுத்து வந்தாள்.

“என்னங்க, போகும்போது ஏறிப் போனேன். இப்ப குதிச்சு இறங்க வேண்டியிருக்கு?”

“ஏரியில தண்ணி குறையுதும்மா,” என்றார் பெரிய மாப்பிள்ளை, ஏரியே தன் கம்பெனி போட்டுக் கொடுத்த லிப்ட் என்பதுபோல. “வெயில் காலமில்ல?”

டீ குடித்துவிட்டுப் பார்த்தால் தட்டைக் காணோம். மறுபடியும் நன்றாக மூழ்கிக் கிடந்தது.

“எப்படி அண்ணே? ஏத்த ஏத்த இறங்குதே!”

“எல்லாரும் பின்னாடியே கூட்டமா நின்னா? முன்னாடி வெயிட் வைக்கணும் தம்பி. பேலன்ஸ்!”

கரையிலிருந்து இரண்டு பெரிய கேன் தண்ணீரைச் சின்ன மாப்பிள்ளை சுமந்து வந்து முன்பக்கம் வைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது மோட்டார் இன்னும் நாலு விரல் கீழே போயிருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தவண்ணம் இருந்தன.

“நல்ல மீன் இருக்கு போலிருக்கே,” என்றார் பெரிய மாப்பிள்ளை.

மிச்சமிருந்தது ஒரே ஓட்டை, உச்சியில். “ஏத்துங்க அண்ணே, ஆனது ஆகட்டும்,” என்றார் சின்ன மாப்பிள்ளை. தூக்கும்போது பெரிய மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏற்றுவதும் இறக்குவதும் பிழைப்பாகக் கொண்டவர், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பாதியில் நின்ற லிப்ட் மாதிரி வளைந்து நின்றார். அந்த நிலையிலும் வாய் மட்டும் நிற்கவில்லை.

“நான் அப்பவே சொன்னேன், படகெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராதுன்னு.”

இனி மாமனாரிடம் அந்தப் ‘பரவாயில்லை’கூடக் கிடைக்காது. சின்ன மாப்பிள்ளை பின்ஓரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். மாமனார் இந்தக் களேபரம் எதையும் கண்டுகொள்ளாமல், ஏரியைப் பார்த்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி இதுவரை யாரும் கேட்டதில்லை.

மனைவி கடைசி போல்ட்டை முறுக்கும்போது அடியில் முட்டுக் கொடுத்திருந்ததைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தப் பித்தளை ஸ்க்ரூ ஏது?”

“படகுலேயே இருந்ததுதான். பின்னாடி, ரெண்டு குழாய்லயும் ஒண்ணு ஒண்ணு. சும்மா கிடந்துது.”

“கழட்டின இடத்துல இப்ப என்ன இருக்கு?”

“என்ன இருக்கும்? ஓட்டைதான்,” என்றார் சின்ன மாப்பிள்ளை அலட்சியமாக.

“சபாஷ்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வழக்கம்போலப் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் என்று நினைத்துச் சின்ன மாப்பிள்ளை ஒதுங்கி வழிவிட்டார். ஆனால் மாமனார் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

“கால் எட்டலைன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதுக்காகப் படகையே முழங்கால் வரைக்கும் முக்கிட்டீங்களே, மாப்பிள்ளை!”