முதலில் நாற்காலி போகும்

"நீ ஒரு நாள் போகலேன்னா அந்த ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமாடீ?" என்று அக்கா ஒருமுறை கேட்டிருந்தாள். அந்தக் கோபம் தங்கைக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் திங்கட்கிழமை காலை, தபால் பிரிவில் தன் மேஜைக்குப் பின்னால் வெறும் தரையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

நாற்காலியைக் காணோம்.

அந்த அலுவலகத்தில் யாரையும் முகத்துக்கு நேரே வேலையை விட்டுப் போகச் சொல்வதில்லை. மேனேஜருக்குக் கூச்ச சுபாவம். முதலில் நாற்காலி போகும். மறுநாள் ஆளே புரிந்துகொண்டு போய்விடுவார். ஸ்டோர்ஸ்காரர் அப்படித்தான் போனார். அவருக்கு முன்னால் டைப்பிஸ்ட்.

"இத்தனை வருஷம் உழைச்சிருக்கேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா அந்த மனுஷனுக்கு?" என்று கணக்காளரிடம் பொருமினாள்.

அந்த மனுஷன் நல்ல நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். காலையிலேயே அவசரமாகக் கூப்பிட்டார்களாம்.

நின்றுகொண்டே உறைகளுக்கு முத்திரை குத்தினாள். குத்திய குத்தில் மேஜை அதிர்ந்தது. நாற்காலி இல்லாவிட்டால்தானே போக வேண்டும்? கணக்காளர் கை கழுவப் போன சமயம் பார்த்து அவருடையதை உருட்டி வந்து உட்கார்ந்தாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், யாருக்குத் தெரியப் போகிறது.

திரும்பி வந்த கணக்காளர் தன் இடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை. யாரிடமும் மூச்சு விடாமல் வரவேற்பறைக்குப் போய், அங்கே ஆளில்லாமல் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்துவிட்டார்.

வரவேற்பறைப் பெண் போனில் அம்மாவிடம் அழுதாள். "போன மாசம்தானேம்மா நிரந்தரம் பண்ணாங்க."

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. சாப்பிட ஒருவரும் எழவில்லை. தவிர்க்க முடியாமல் பாத்ரூம் போன இருவர் நாற்காலியையும் உருட்டிக்கொண்டே போனார்கள்.

அழுகைச் சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது யார் என்பது கோபத்தில் மறந்தே போயிருந்தது. "எல்லாரோடதையும் பிடுங்கறவரு தன்னோடத மட்டும் வெச்சிக்கிட்டு ஆடுவாரோ?" என்று எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்ததை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள். மேனேஜர் அறையைத் திறந்து, முதுகு உயர்ந்த கறுப்பு நாற்காலியை நடைபாதை நெடுக உருட்டி வந்து, தன் மேஜைக்குப் பின்னால் போட்டு, கால்மேல் கால் போட்டு அமர்ந்தாள்.

"யாரு எழுப்பறான்னு பார்க்கறேன்."

மாலையில், தோளில் ஒரு சாம்பல் நாற்காலியுடன் ரிப்பேர்க்காரர் வந்தார்.

"தபால் பிரிவு அம்மா நீங்கதானே? சக்கரம் ஆடிச்சு, மாத்தியாச்சு. சனிக்கிழமையே உங்க மேனேஜர் போன் பண்ணி, 'அந்தம்மா விழுந்து வெச்சாங்கன்னா இந்த ஆபீஸ் ஓடாதுப்பா, முதல்ல அதைப் பாரு'ன்னாரு."

அவள் துள்ளி எழுந்தாள். ரிப்பேர்க்காரருக்குப் பின்னால், தலைமை அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய மேனேஜர் நின்றிருந்தார். திறந்து கிடந்த தன் அறையையும் அதற்குள் இருந்த வெறும் தரையையும் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த கறுப்பு நாற்காலியைப் பார்த்தார்.

"சார், அது வந்து..."

வேண்டாம், புரிகிறது என்பதுபோல் அவர் கையை உயர்த்தினார். அறைக்குள் போய், மேஜை மேல் இருந்த குடும்பப் படத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.