புலியார் கல்யாணமும் முந்திரி போடாத பாயசமும்

ஒரு காட்டில் ஒரு கரடி கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தது. பெயர் சடையப்பன். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. கிழங்கு தோண்ட வேலாண்டி என்று ஒரு காட்டுப்பன்றி, மரம் ஏறி இலையும் முந்திரியும் பறித்து வர மாரிசாமி என்று ஒரு குரங்கு, பாயசம் காய்ச்சப் பொன்னுத்தாயி என்று ஒரு முயல். அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் சடையப்பனைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாடு அப்படி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளி கேட்டால் 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் மரியாதைக் குறைவு.

"ஏப்பா வேலாண்டி, கெழங்கு ஆச்சா?"

"ஆச்சுங்ணா!"

வேலாண்டி அப்போதுதான் சேற்றை விட்டு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். அது சடையப்பனுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு நேராகக் கிழங்குக் குழிக்கு நடக்கும். அங்கே குழியே இருக்காது. உடனே காடு அதிர ஒரு திட்டு விழும். வேலாண்டி வாலைச் சுருட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பிக்கும். அடுத்து மாரிசாமியின் மரத்தடிக்குப் போய் இன்னொரு திட்டு. இப்படி எல்லோரும் பொய் சொல்ல, முதலாளி ஒருவரையும் நம்பாமல் நடையாய் நடக்க, விருந்து சரியான நேரத்தில் இலையில் விழுந்துவிடும். பொன்னுத்தாயி ஒன்றுதான் "பால் இன்னும் சுண்டலைங்ணா" என்று உள்ளதைச் சொல்லும். வளர்ப்பு சரியில்லை என்று மற்றவை பேசிக்கொள்ளும்.

நடந்து நடந்து சடையப்பனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஓர் உடும்பு வந்து சேர்ந்தது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை.

"சார், உங்க பிசினஸ்ல விசிபிலிட்டியே இல்லை" என்றது உடும்பு.

"அது என்னமோ தெரியலைங்க. எனக்கு முட்டிதான் வலிக்குது" என்றது சடையப்பன்.

"ரெண்டும் ஒரே பிரச்சினைதான் சார். இனிமே நீங்க நடக்கவே வேண்டாம். குகைக்குள்ள உட்கார்ந்த இடத்துல எல்லாம் தெரியும். ஆரம்பிக்காத வேலை சிவப்பு, நடக்கிற வேலை மஞ்சள், முடிஞ்ச வேலை பச்சை. அவங்கவங்க போன்ல அவங்கவங்களே மாத்திப்பாங்க."

உடும்பு விற்க வந்த மென்பொருளுக்கு 'விறுவிறு' என்று பெயர். பக்கத்துக் காட்டு யானைகள் எல்லாம் அதற்கு மாறிவிட்டன என்றும் உடும்பு சொன்னது. யானைகள் மாறிவிட்டன என்ற பிறகு ஒரு கரடி என்ன செய்யும்? சரி என்றது.

"பழைய டேட்டா எல்லாம் எங்க சார் வச்சிருக்கீங்க?" என்று உடும்பு கேட்டது.

சடையப்பன் தன் தலையைத் தொட்டுக் காட்டியது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கால்களையும் காட்டியது.

"அதெல்லாம் லெகசி, பழைய முறை சார். மைக்ரேட் பண்ணிடலாம்."

பாவம், சடையப்பன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னது. மான் வீட்டில் பூண்டு சேர்க்க மாட்டார்கள், காட்டெருமைச் சம்பந்தியை முதல் பந்தியில் உட்கார வைக்காவிட்டால் சண்டை வரும், மயிலுக்கு இலையின் நுனி கிழிந்திருக்கக் கூடாது. உடும்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'விருந்தினர் விருப்பம்: சாப்பாடு' என்று தட்டிக்கொண்டது.

"வேலை ஒழுங்கா நடக்குதான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"நேர்ல போய்த் திட்டுவேனுங்க."

"திட்டுறதுக்குக் கட்டம் இல்லையே சார்" என்று உடும்பு உதட்டைப் பிதுக்கியது. "'நேரில் சரிபார்த்தல்'னு ஒண்ணு போட்டுக்கறேன். பொறுப்பு நீங்க. நீங்களும் பச்சையை அழுத்தினாப் போதும்."

தலையில் இருந்ததைத் திரைக்கு மாற்றும் இந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. புலியாருக்கு அறுபதாம் கல்யாணம். புலிகள் அவ்வளவு காலம் வாழுமா என்று அந்தக் காட்டில் யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். மற்ற விலங்குகளை அது இது என்று சொல்லிவிட்டுப் புலியை மட்டும் மரியாதையாகச் சொல்கிறேனே என்றும் பார்க்காதீர்கள். எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

வெற்றிலை பாக்கு மாற்றும்போது புலியார் சொன்னார்: "காடு முழுக்கக் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்கு ஒரு நாள் நான் சைவம். விருந்துல குறை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா, குறை வச்சது யாரோ அவங்களையே இலையில வச்சுச் சாப்பிட்டுருவேன்."

சடையப்பன் குகைக்கு ஓடி வந்தது. "இந்த ஒரு கல்யாணத்தைப் பழைய மாதிரியே முடிச்சுக்கறனுங்க" என்று உடும்பிடம் கெஞ்சிப் பார்த்தது. உடும்பு குகைச் சுவரைப் பிடித்தபடியே, "இதுதான் சார் நமக்கு கோ-லைவ், முதல் ஓட்டம்" என்றது. பிடித்தால் விடுகிற ஜாதியா அது?

எல்லோருக்கும் போன் வந்தது. பயிற்சியும் வந்தது. மாரிசாமி பாஸ்வேர்டாக 'வாழைப்பழம்' என்று போட்டது. பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர்க்க வேண்டும் என்று போன் சொன்னதும் 'ரெண்டு வாழைப்பழம்!' என்று மாற்றியது. அதையும் மறுநாள் மறந்துவிட்டது. வேலாண்டி மூக்கால் அழுத்துவதால் ஒரே சமயத்தில் எல்லாக் கட்டமும் நிறம் மாறியது. தினமும் காலையில் மீட்டிங், மாலையில் காலை மீட்டிங்கைப் பற்றிய மீட்டிங்.

"ஏனுங்க, இப்படியே உட்கார்ந்திருந்தா கெழங்கை எப்பத் தோண்டுறதுங்க?" என்று வேலாண்டி ஒருநாள் கேட்டது.

"நல்ல கேள்வி" என்றது உடும்பு. "அதுக்கு ஒரு டாஸ்க் போட்டுடுங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோர் போனிலும் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் வேலை முடிந்ததா?' கேட்டது முதலாளியின் பெயரில். முதலாளி கேட்டால் என்ன சொல்வது வழக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே. வேலாண்டி சேற்றில் படுத்தபடியே பச்சையை அழுத்தியது. மாரிசாமி ஊஞ்சலாடிக்கொண்டே இலைக்கு ஒரு பச்சை, முந்திரிக்கு ஒரு பச்சை அழுத்தியது. திட்டு வந்த பிறகு போய்ப் பறித்துக்கொள்ளலாம், எப்போதும் அப்படித்தானே என்று இரண்டும் இருந்துவிட்டன.

திட்டு வரவேயில்லை.

குகைக்குள் சடையப்பன் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தது. எங்கே பார்த்தாலும் பச்சை. பல வருஷமாக யார் சொல்லையும் நம்பாத கரடி அன்றைக்கு முதல்முதலாக நம்பியது. சொன்னது வேலாண்டி இல்லையே, திரை அல்லவா? 'நேரில் சரிபார்த்தல்' என்ற தன்னுடைய கட்டத்தையும் படுத்தபடியே பச்சையாக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

பொன்னுத்தாயி மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை. பால் சுண்டி, வெல்லம் கரைந்து, பாயசம் மணக்க மணக்க இறங்கிவிட்டது. முந்திரிதான் வரவில்லை. மரத்தடிக்கு ஓடிப் போய்க் கேட்டது.

"ஏன் மாரிசாமி, முந்திரி எங்க?"

"பச்சை போட்டுட்டனே, பார்க்கலையா?"

"பச்சையை நெய்யில வறுக்க முடியுமா?"

மாரிசாமி அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது. முயலுக்கு மரம் ஏறத் தெரியாது. திரும்பி வந்து, 'பாயசம்: முந்திரி வரவில்லை, இன்னும் முடியவில்லை' என்று எழுதி மஞ்சளில் விட்டது. விடிந்து கெடு தாண்டியதும் மஞ்சள் தானாகவே சிவப்பாகிவிட்டது.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. காடே திரண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தது. முன்னால் இலை இல்லை. புலியார் வெறும் தரையைப் பார்த்தார். பிறகு சடையப்பனைப் பார்த்தார்.

"சாப்பாடு?"

சடையப்பன் சமையல் கொட்டகைக்கு ஓடியது. கிழங்கு இல்லை. பொரியல் இல்லை. ஓரமாக ஓர் அண்டாவில் பாயசம் மட்டும் இருந்தது. பந்தியில் மான்கள் மெல்ல எழுந்து பின்னால் நகர ஆரம்பித்தன.

"குறை வச்சது யாரு?" என்று புலியார் கேட்டார். குரலில் சைவம் இல்லை.

உடும்புதான் முன்னால் வந்தது. "சார், அதுக்கு ரிப்போர்ட்டே இருக்கு" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியது. திரையில் வட்டமாக ஒரு பச்சைத் தட்டு. அதில் மெல்லியதாக ஒரு சிவப்புக் கீற்று. கீற்றின் மேல் பொன்னுத்தாயியின் பெயர்.

"ஐயா, இங்க வெந்திருக்கிறதே என் பாயசம் ஒண்ணுதானுங்க!" என்று பொன்னுத்தாயி கத்தியது. "முந்திரி வரலை. வரலைன்னுதான் போட்டேன்!"

"முந்திரி பச்சையா இருக்கே" என்றது உடும்பு.

மாரிசாமி ஆகாயத்தைப் பார்த்தது. வேலாண்டி காலால் மண்ணைக் கீறியது, தோண்ட வேண்டிய காலத்தில் அவ்வளவு அக்கறையாக அது கீறியதில்லை. பொன்னுத்தாயி கடைசியாக முதலாளியைப் பார்த்தது.

"அண்ணா, நீங்க சொல்லுங்ணா. எப்பவும் நான் பொய் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்ணா?"

சடையப்பனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். சொல்ல வாயைக்கூடத் திறந்தது. அப்போதுதான் அந்தப் பச்சைத் தட்டில் 'நேரில் சரிபார்த்தல்' என்று தன் பெயரும் இருப்பது கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால் அந்தத் துண்டும் சிவப்பாகும். இந்த இடம் வரும்போதெல்லாம் அந்தக் கரடியின் காதைப் பிடித்துத் திருகலாம் போல எனக்கு ஆத்திரம் வருகிறது. அது திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, "சிஸ்டம் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றது.

புலியார் சொன்ன சொல் தவறாதவர். குறை வைத்தவரை இலையில் வைத்துச் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தார், இலை இல்லாததால் தரையில் வைத்துச் சாப்பிட்டார். வயிறு நிறைந்ததும் அண்டாவைச் சாய்த்துப் பாயசத்தையும் குடித்தார்.

"முந்திரி இல்லைதான். இருந்தாலும் பிரமாதம். யார் காய்ச்சினது?" என்று கேட்டார்.

மாரிசாமி மறுபடியும் ஆகாயத்தைப் பார்த்தது. உடும்பு ஒரு பொத்தானைத் தட்டியது. சிவப்புக் கீற்றும் பச்சையாயிற்று. 'புலியாருக்கு விருந்து: முடிந்தது.' அந்தத் திரையில் இருந்த பச்சைகளில் அது ஒன்றுதான் உண்மை.

மறுநாள் பாயச வேலைக்குப் புதிதாக ஒரு முயல் வந்தது. அடுப்பு எங்கே, பால் எங்கே என்று அது கேட்கவில்லை. பச்சைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டது. நல்ல வளர்ப்பு என்று மற்றவை பேசிக்கொண்டன.

நீதி: வேலை முடியாததற்காக யாரும் சாவதில்லை, முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதற்காகச் சாவதுண்டு. ஆகவே குழந்தைகளே, முதலில் பச்சையை அழுத்துங்கள். முந்திரியை அப்புறம் தேடலாம்.