சின்ன அறையில் டெஸ்ட் ஓடுகிறது

அந்தச் சின்ன அறையை எப்படியாவது கைப்பற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அப்புறம் அந்தச் சின்ன அறை. அதில் பழைய சூட்கேஸ்களும், எதற்கு வைத்திருக்கிறோம் என்றே தெரியாத அட்டைப்பெட்டிகளும் வாடகை தராமல் குடியிருந்தன. ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். வெயில் சாய்ந்தால் மரத்தின் நிழல் சுவரில் விழுந்து மெல்ல அசையும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது போல இருக்கும்.

அதே அறை மேல் என் மனைவிக்கும் ஒரு கண். அவள் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் இருந்ததோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில். வெளிச்சம் கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் மெஷின் சக்கரத்தில் இடுப்பை இடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இடுப்பு வலிக்கும், அவளுக்குத் தையல் கோணிப்போகும். சின்ன அறையைக் காலி செய்து கொடுங்கள் என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. பார்க்கலாம் என்று நான் சொல்லாத வருஷமும் இல்லை.

எனக்கு அறை எதற்கு? சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தூங்க.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கம்பெனியின் புகார் கவுண்டரில். காலையிலிருந்து சாயங்காலம் வரை, வராத பார்சலுக்கும் உடைந்து வந்த பார்சலுக்கும் நான் ஒருவனே பொறுப்பு என்பது போல ஊரே வந்து திட்டிவிட்டுப் போகும். வீட்டுக்கு வந்தால் ஹாலில் டிவி, படுக்கையறையில் மகளின் ஓயாத போன் பேச்சு. போதாததற்கு, படுத்திருக்கும் மனிதனைக் கண்டால் என் மனைவிக்குப் பயம் வந்துவிடும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்வாள். கடைசியில் எழுப்பி உட்காரவைத்து, தூக்கம் வருகிறதா என்று கேட்பாள்.

மகளுடைய படிப்புக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று பேச்சு வந்தபோது எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தயாராக இருப்பதை வாங்கினால் அன்றைக்கே மேஜையில் ஏறி உட்கார்ந்துவிடும். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டினால் நாள் பிடிக்கும், இடம் பிடிக்கும், கதவைச் சாத்திக்கொள்ளவும் ஒரு காரணம் கிடைக்கும்.

சூட்கேஸ்களை ஓரம் கட்டி ஒரு மேஜை போட்டேன். கேபினெட் என்கிற கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்து மதர்போர்டைத் திருகினேன். பிராசஸர் மேல் பற்பசை மாதிரி ஒரு பசையை வைத்து, அதன் மேல் விசிறியை உட்காரவைத்தேன். என் மனைவி வாசலில் நின்றபடி கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள். ஷாக் அடிக்குமா, செருப்பு போட்டுக்கொள்ளக் கூடாதா, இத்தனை திருகாணி மிச்சம் இருக்கிறதே, இது பரவாயில்லையா என்று கேட்டாள். பவர் பட்டனின் வயர் நுனி கடுகளவுதான் இருந்தது. நான் குத்தக் குத்த அது நழுவியது. ஊசியில் நூல் கோக்கிற விரல்கள் அவளுடையவை. வாங்கி ஒரே தடவையில் சொருகிவிட்டுப் போனாள்.

பட்டனை அமுக்கினேன். உள்ளே விசிறிகள் எல்லாம் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நெடுநேரம் குடைந்த பிறகுதான், மானிட்டர் வயரை வேறு துளையில் குத்தியிருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே ஆழமான கோளாறு, கவனமாகப் பார்க்க வேண்டும் என்று முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு சொன்னேன். வீடே நம்பியது.

அடுத்தது டெஸ்ட். புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரை ஒரு புரோகிராம் போட்டு மூச்சு முட்ட முட்ட வேலை வாங்க வேண்டும். தாங்கினால் தேறிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு சூடாகிறது என்று திரையின் மூலையில் ஒரு நம்பர் ஓடும். தொண்ணூறைத் தாண்டினால் அணைத்துவிட வேண்டும். இதெல்லாம் உண்மை. ஒரு நாள் ஓடினால் போதும் என்பதும் உண்மைதான். இந்தக் கடைசி உண்மையை மட்டும் நான் என்னோடு வைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் முதல் தடவையிலேயே டெஸ்ட் பாஸாகிவிட்டது. பிழை எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. பச்சையை ஒரு நிமிஷம் வருத்தத்தோடு பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

வீட்டில் சட்டம் போட்டேன். டெஸ்ட் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். நம்பரை விட்டுக் கண் நகரக் கூடாது. தூசி வராமல் கதவு சாத்தியிருக்க வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது.

அந்தச் சாயங்காலங்களை என்னவென்று சொல்வேன். தூரத்தில் எங்கேயோ மழை பெய்வது போல விசிறிகள் இரையும். கேபினெட்டின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து பாதத்தைத் தடவும். மரத்தின் நிழல் சுவரிலிருந்து திரைக்கு நீந்தி வரும். நம்பர் அறுபத்தெட்டு என்னும். அறுபத்தொன்பது என்னும். யோசித்துவிட்டு மறுபடி அறுபத்தெட்டு என்னும். அதைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்க யாரால் முடியும்? கொஞ்ச நேரத்தில் ஒரு படகு வரும். அதில் என்னைத் தவிர ஆள் இருக்காது. நம்பர்கள் தண்ணீருக்குள் மீன் குஞ்சுகளாகத் திரியும். கரையில் பார்சல்கள் எல்லாம் தாமாகவே எழுந்து, விலாசம் பார்த்து, அவரவர் வீட்டுக்கு நடந்துபோகும். கதவைத் தட்டிவிட்டு மரியாதையாக உள்ளே போய் உட்காரும். உலகத்தில் ஒருவருக்கும் என் மேல் புகார் இருக்காது.

அப்படி ஒரு நாள் படகில் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி டீயோடு உள்ளே வந்துவிட்டாள். சட்டென்று நிமிர்ந்தேன். மேஜை விளிம்பு என் கன்னத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். டம்ளரை வைத்தாள்.

"இது எப்பங்க முடியும்?"

"சொல்ல முடியாதும்மா. நடுவுல நிறுத்தினா திரும்ப முதல்லேர்ந்து ஓட்டணும். நான் ஆபீஸ் போக வேண்டியிருக்கே, அதான் இழுத்துக்கிட்டே போகுது."

"இங்க உக்காந்து நீங்க என்ன செய்யணும்?"

"நம்பரைப் பாக்கணும்."

"பாத்து?"

"தொண்ணூறு தாண்டினா பட்டனை அமுக்கணும்."

"நான் வயர் சொருகினேனே, அந்தப் பட்டனா?"

"அதேதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னு கேக்கறே. கண் இமைக்கக் கூடாது தெரியுமா? எவ்வளவு அலுப்பா இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

பாவம், இளைத்தே போய்விட்டீர்கள் என்று என் தோளைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கே கொஞ்சம் மனசு உறுத்தியது. டீயைக் குடித்துவிட்டு மறுபடி படகில் ஏறினேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் நடை விசாலமாக இருந்தது. இடுப்பில் எதுவும் இடிக்கவில்லை. அந்த சந்தோஷத்தில் இரண்டு அடி நடந்த பிறகுதான், அங்கே தையல் மெஷினே இல்லை என்பது உறைத்தது. சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது. விசிறிகளின் இரைச்சலோடு கடகடவென்று இன்னொரு சத்தமும் கேட்டது.

திறந்து பார்த்தேன். ஜன்னலடியில் தையல் மெஷின். சூட்கேஸ்கள் பரணுக்குப் போயிருந்தன. அட்டைப்பெட்டிகளைக் காணவே காணோம். நீலத் திரைச்சீலை ஒன்று அவள் மடியிலிருந்து வழிந்து அறை முழுக்க அலையடித்துக் கிடந்தது. நாலு தையல் போட்டுவிட்டு நிமிர்ந்து நம்பரைப் பார்ப்பாள். மறுபடி நாலு தையல். அவள் முகத்தில் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது.

மகளை விட்டு ஓடவைத்தது காலையிலிருந்து நிறுத்தாமல் ஓடுகிறது, நம்பர் எழுபதைக்கூடத் தாண்டவில்லை, இனிமேல் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தைரியம் சொன்னாள். துணித் தூசி கம்ப்யூட்டருக்குள் போய்விடுமே என்று ஆரம்பித்தேன். கையை நீட்டிக் காட்டினாள். கேபினெட்டின் காற்று போகும் ஓட்டைகளுக்கெல்லாம் மெல்லிய வலைத்துணியில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்து மாட்டியிருந்தாள். அளவு கச்சிதம்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்க்கப்போனால் டெஸ்ட் முடிந்த மாதிரிதான் என்றேன்.

அவள் காலை நிறுத்தினாள். மெஷின் நின்றது.

"முடிஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு. அப்ப இதை ஹாலுக்குத் தூக்கிடலாம். பொண்ணு எப்ப படிக்க உக்காரலாம்னு கேட்டுக்கிட்டே இருக்கா. முடிஞ்சதுக்கு அப்புறம் இதுக்குத் தனி அறை எதுக்கு?"

ஜன்னலைப் பார்த்தேன். மரத்தின் நிழல் நீலத் துணி மேல் அசைந்துகொண்டிருந்தது. முடிந்தது என்றால் அறை இன்றைக்கே போய்விடும். முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாவது எனக்கு மிஞ்சக்கூடும்.

"இல்லை, இன்னும் முடியல" என்றேன்.

அவள் நம்பரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அதனால என்னங்க, ஞாயித்துக்கிழமையும் நானே பாத்துக்கறேன். நீங்க ஹால்ல போய் நிம்மதியா முழிச்சுக்கிட்டு இருங்க."