குறுக்கீடு என்று நான் சொன்னது தங்களை அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் மகளும் உடம்புக்கு நலம். மனசுக்குத்தான் நலமில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று மாமியாரும் மருமகளும் கூடி ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்கள். தங்கள் நலமும் சம்பந்தி அய்யாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் கட் ஆனது. செய்தி அனுப்பலாம்தான். ஆனால் நான் அனுப்பும் செய்தி யாருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு இப்போது என்னாலேயே உத்தரவாதம் தர முடியாது. ஆகவே காகிதம். நாளைக் காலை தங்கள் மகள் பெட்டியோடு அங்கே புறப்படுகிறாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். "பாக்கலாம் மாமா" என்றாள். அந்தப் "பாக்கலாம்" எனக்கு நல்லதாகப் படவில்லை. இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டு எங்கள் பிள்ளையை எங்களிடமே அனுப்பிவைக்க வேண்டும். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் கூட வரும் குறிப்புப் புத்தகங்களைத் தமிழில் எழுதியவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வயலின் கேட்பது ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கிற ஆபீஸ். ஆம்ப்ளிஃபயரை நானே துடைப்பேன். அதன் தலைமேல் எதையும் வைக்க விடமாட்டேன், தங்கள் மகள் சார்ஜுக்குப் போடும் போனைத் தவிர. அந்த மூலையில்தான் பிளக் இருக்கிறது, பாவம் அவள் வேறெங்கே போவாள்? இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தினமும் சொல்லிவைத்தாற்போல் ஆறு மணிக்கு, வயலின் உருகி வருகிற இடத்தில், "டிட்டிடி டிட்டிடி டிர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் புகுந்தது. கால் மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டுத் தானாகப் போய்விடும். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அவருக்கு 'ஒயர்' என்றே பெயர். அவர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இது ரேடியோ டிஸ்டர்பன்ஸ். எங்கிருந்தோ அலை வருது. உங்க ஸ்பீக்கர் ஒயர் நீளமா கெடக்கா, அதுவே ஏரியல் மாதிரி இழுத்துக் குடுக்குது" என்றார். நான் விடவில்லை. "டிஸ்டர்பன்ஸ் இல்லைய்யா, குறுக்கீடு. ரேடியோ அலைக் குறுக்கீடு" என்றேன். சம்பந்தி அம்மா, அந்தச் சொல்லை நான் அன்று திருத்தாமல் விட்டிருந்தால் இன்று இந்தக் கடிதமே இல்லை.

அன்றிலிருந்து நானாச்சு அதுவாச்சு என்று இறங்கினேன். ஒயரை வெட்டிக் குட்டையாக்கினோம். ஸ்பீக்கர் இரண்டும் ஆம்ப்ளிஃபயரோடு ஒட்டிக்கொண்டு நின்றன, சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கினோம். சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை எடுத்து எல்லாவற்றையும் சுற்றினேன். என் மனைவி, "என்னையும் சுத்திருங்க, ஒரேயடியா அலமாரியில வெச்சிடலாம்" என்றாள். ஆறு மணிக்குப் பிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது. விளக்குகளை நிறுத்தினேன், அவள் ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள். அதைச் சாப்பிட்டது நான்தான் என்பதால் நஷ்டம் எனக்கே. மாடியில் இருக்கிற தையல்காரரின் மிஷின்தான் காரணம் என்று ஒருநாள் விறுவிறுவென்று ஏறிப்போய்ச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், மிஷின் ரிப்பேராகி ஒரு வாரமாச்சு. வேணும்னா நீங்களே மிதிச்சுப் பாருங்க" என்றார். மிதித்தும் பார்த்தேன். ஓடவில்லை. கடைசியில் ஒயர் சொன்னார், ஒயரை நுழைத்து மாட்டுகிற கறுப்பு வளையம் ஒன்று உண்டு, ரேடியோ அலையை அது வடிகட்டிவிடும் என்று. வாங்கி வரச் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலமும் சத்தம். பொறுக்க முடியாமல் ஒயருக்குப் போனில் எழுதினேன்: "இன்றும் ஆறு மணிக்குக் குறுக்கீடு ஆரம்பித்துவிட்டது. கால் மணி நேரம் ஓயவில்லை. வீட்டில் நிம்மதியே போய்விட்டது. மூலம் எங்கே என்று தெரிந்தால் முதலில் வெட்டிவிடலாம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?" என் போனில் அவர் பெயரை 'சத்தம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். அகர வரிசையில் சத்தத்துக்கு அடுத்தது சம்பந்தி. விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது, சம்பந்தி அம்மா, சத்தியமாக அவ்வளவுதான்! தாங்கள் "நல்லதுங்க" என்று பதில் போட்டீர்கள். ஒயருக்கு இவ்வளவு மரியாதை எப்போது வந்தது என்று நான் பூரித்துப் போனேன். சம்பந்தி அய்யா மட்டும் 'மூலம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வலியில்லாமல் குணப்படுத்தும் டாக்டர் ஒருவரின் விலாசத்தை அனுப்பியிருந்தார். எதற்கென்று அன்று புரியவில்லை. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

மறுநாள் வளையங்கள் வந்தன. மொத்தம் பதினான்கு மாட்டினோம். ஆறு மணிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! அன்றிலிருந்து இன்றோடு பத்தொன்பது நாள், வயலின் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அதே நாளிலிருந்து தாங்கள் மகளைக் கூப்பிடுவதில்லை என்பதும், அவள் கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள் என்பதும், அவள் ஏன் எனக்கு "ம்" என்று மட்டும் பதில் சொல்கிறாள் என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. கண்கலங்கி நின்று கேட்டாள்: "எங்க அம்மா தினம் கால் மணி நேரம் பேசுறதுதான் உங்களுக்குப் பொறுக்கலையா மாமா? வெட்டிவிடணும்னு எழுதுவீங்களா?" போனை எடுத்துப் பார்த்து, செய்தி யாருக்குப் போயிருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவள் பெட்டி கட்டப் போய்விட்டாள். அம்மா, அந்தப் பிள்ளை இந்த வீட்டில் சிரிக்காமல் இருந்தால் வயலின் எனக்கு எதற்கு? ஆகவே அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: குறுக்கீடு என்று நான் சொன்னது தங்களை அல்ல. அல்லவே அல்ல. அதற்கும் தங்களுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது.

சம்பந்தி அய்யாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்லவும். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போடாமல் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தங்கள் மகள் படித்துவிட்டாள். உடனே தங்களைக் கூப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது தங்களுக்கே தெரியும். போன் வழக்கம்போல் ஆம்ப்ளிஃபயர் தலையில். அவள் காதில் பொத்தான் மாதிரி எதையோ சொருகிக்கொண்டு சமையலறையில். நான் ஈரத் தலையோடு வந்து வயலினைப் போட்டேன். "டிட்டிடி டிட்டிடி டிர்ர்ர்ர்!" பதினான்கு வளையமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன. தாங்கள் போனை வைத்தீர்கள், சத்தமும் நின்றது. ஆகவே மேலே அடிக்கோடிட்ட வரிகளைத் தயவுசெய்து அடித்துவிடவும். குறுக்கீடு தாங்கள்தான். போனை நாலடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒயர். அதெல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டியைப் பிரித்து அவள் துணிகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அதனால் இது தபாலில் வருகிறது. நாளை ஆறு மணிக்கு நான் வயலினைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். மறக்காமல் வந்து கெடுக்கவும்.