அம்மாவின் போனுக்கு நான் போட்ட புது கெர்னல்

ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பொருளைச் சும்மா விட்டுவைக்கத் தெரியாத ஆள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது நான். கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்றில் பாதி படித்திருந்தேன். (மிச்சப் பாதியையும் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.) அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டை வீட்டில் உட்கார்ந்தபடி, போன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி போட்டுத் தருகிற சிஸ்டத்தை வழித்தெறிந்துவிட்டு, இணையத்தில் முகம் தெரியாத எவனோ செய்து போட்டிருக்கும் வேறொன்றை ஏற்றுவதுதான் அப்போது எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். அதற்கு ரோம் என்று பெயர். கூடவே கெர்னல் என்ற ஒன்றையும் மாற்றலாம். போனின் மூளை எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். கம்பெனிக்காரன் பயந்து பயந்து வைத்த வேகத்தை நாம் துணிந்து கூட்டிவிட்டால் கிழட்டுப் போனும் குதிரையாக ஓடும். என்னுடைய சொந்தப் போன் முந்திய மாதம் அப்படித்தான் ஓடியது. ஓடிப் போனது திரும்பி வரவேயில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா வசந்திக்கு ஒரு வரன் வந்தது. அக்கா கலஹா பக்கத்து ஸ்கூல் ஒன்றில் டீச்சர். மாப்பிள்ளைக்கு டோஹாவில் வேலை, அவருடைய அம்மா ஹட்டனில். ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீடியோ கோலில் பெண் பார்ப்பது என்று முடிவானது. அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. அதற்கெல்லாம் அக்கா அலட்டிக்கொண்டதேயில்லை. இந்த முறை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“எனக்கு இவரைப் பிடிச்சிருக்குடா. நீ எதுலயும் கை வைக்காம இருந்தா போதும்.”

கோல் வரப்போவது அம்மாவின் போனுக்கு. பேச்சு முடிவதற்கு முன் பெண்ணின் நம்பரை மாப்பிள்ளைக்குக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். என்னுடையது ஏற்கெனவே காலமாகிவிட்டது. அம்மாவின் போனிலோ, ஒரு மெசேஜைத் தட்டிவிட்டுப் போய் உலையில் அரிசி போட்டுவிட்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அம்மாவுக்கு வந்து குவிகிற குட் மார்னிங் படங்களை அழித்தாலே போதும் என்றாள் அக்கா. அதையெல்லாம் ஒரு வைத்தியமாக நான் மதிக்கவில்லை. (பாதி டிப்ளோமாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?)

வெள்ளிக்கிழமை காலை அக்கா பஸ் ஏறியதும் வேலையைத் தொடங்கினேன். எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்துத்தான் செய்யவேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் போனுக்குப் புதிதாக ஒன்று போடப்போகிறேன் என்று அம்மாவிடம் உளறிவிட்டேன். அம்மா உடனே கலண்டரைப் பார்த்தார்.

“ராகு காலம் வரப்போகுது. கல்யாண விஷயம் பேசப்போற போன், அந்த நேரத்துல அதைத் தொடாத. செய்யிறதுன்னா இப்பவே ஆரம்பிச்சிரு.”

அந்த இணையப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு ஃபைல்கள் இருந்தன. இந்தப் போனில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் கேமரா வேறு, உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். எனக்கு எங்கே நேரம்? பேராதனை பஸ் வருகிற மாதிரி, ராகு வருது, ராகு வருது என்று அம்மா என் தலைமாட்டில் நின்று அரற்றிக்கொண்டிருந்தார். மேலே இருந்த ஃபைலை எடுத்து ஏற்றினேன். கெர்னலின் வேகத்தையும் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். அழிந்துபோனவற்றில் வேண்டியதையெல்லாம் திரும்பப் போட்டேன். நல்லபடியாக முடிந்ததென்று அம்மா போனின் முதுகில் குங்குமம் வைத்தார்.

போன் பறந்தது. தொட்டவுடன் எல்லாம் திறந்தது. கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். (கொஞ்சமா? அதில் தோசை வார்த்திருக்கலாம்.) கேமராவை மட்டும் நான் திறந்து பார்க்கவில்லை. கேமரா எங்கே போய்விடப்போகிறது?

சாயந்தரம் அக்கா பச்சைச் சேலை கட்டிக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். கோல் வந்தது. திரையில் ஒரு கட்டத்தில் டோஹா மாப்பிள்ளை, இன்னொரு கட்டத்தில் ஹட்டன் அம்மா, இருவரும் பளிச்சென்று தெரிந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் நாங்கள். தலைகீழாக.

“என்னா தம்பி, பொண்ணு தலைகீழா இருக்கு?” என்றார் ஹட்டன் அம்மா.

போனைத் திருப்பிப் பிடித்தேன். பெரிய புத்திசாலி மாதிரி அது படத்தையும் கூடவே திருப்பியது. மறுபடி திருப்பினேன். மறுபடி திருப்பியது. அங்கே மாப்பிள்ளை கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பாவம், கழுத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா? பின்பக்கக் கேமராவுக்கு மாற்றினேன். அதன் மேல் குங்குமம். துடைக்கப் போய் அது இழுபட்டு, எங்கள் வீடே தீப்பிடித்த மாதிரி சிவந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாப்பிள்ளை நல்ல மனிதர். படம் கிடக்கட்டும், பேசினாலே போதும் என்றார். முன்பக்கக் கேமராவுக்கே திரும்பி வந்தோம். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“பெரியவங்க எல்லாம் சரின்னுட்டாங்க. உங்களுக்கு விருப்பமா? அத நீங்கதான் சொல்லணும்.”

அக்கா நிமிர்ந்தாள். தலைகீழாகத்தான், ஆனாலும் நிமிர்ந்தாள். “எனக்கு…” என்றாள். போன் அணைந்துவிட்டது.

சூடு தாங்காமல் போய்விட்டது. அழுத்தினேன், ஊதினேன், ஜன்னலில் காற்றுக்குப் பிடித்தேன். கம்பெனியின் பெயர் வரும், போகும், மறுபடி வரும். அதைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை. மாப்பிள்ளையின் நம்பரும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கை வைக்காதே என்றுதானே சொன்னேன் என்றாள் அக்கா. சத்தம் போடக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பட்டன் போன் அடித்தது. தரகர். ஹட்டன் அம்மாவுக்கு மனம் விட்டுப்போய்விட்டதாம். முதன்முதலாகப் பார்க்கும்போதே பெண் தலைகீழாகத் தெரிந்தது சகுனம் சரியில்லையாம். அதுவும் போகட்டும், விருப்பமா என்று பையன் கேட்டதும் பெண் கோலைக் கட் பண்ணிவிட்டதாம். இத்தோடு விட்டுவிடலாம் என்கிறார்களாம். அப்பா, ஆமாங்க, சரிங்க, என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். (எதற்கு ஆமாம்? எதற்குச் சரி?)

அக்கா எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்த போனை வாங்கினாள். தரகரிடம் மாப்பிள்ளையின் நம்பரைக் கேட்டாள். பெண்பிள்ளை கேட்டுக் கொடுப்பதா என்று அவர் இழுத்தார். நம்பரைச் சொல்லுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள், வகுப்பில் பின்வரிசையிடம் பேசும் குரலில். வாங்கியதும், எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டே, தன்னுடைய சொந்தப் போனிலிருந்து டோஹாவுக்கு எடுத்தாள்.

“நான் வசந்தி பேசுறேன். போன்தான் செத்துப்போச்சு, நான் கட் பண்ணல. எனக்கு விருப்பம். உங்க அம்மாக்கிட்ட அத நீங்களே சொல்லிருங்க.”

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். பேச்சு முடியாமல் நம்பர் கொடுக்கக்கூடாது என்ற வழக்கம் அன்றைக்கு எங்கள் வீட்டை விட்டுப் போனதுதான், பிறகு வரவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் உள்ளே வந்தால் ஆளாளுக்குப் போனைப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் இந்தக் குடும்பத்தில் இன்றுவரை நிற்கவில்லை. போன மாதம் ஹட்டன் அம்மா, இப்போது எங்களுக்கு அத்தை, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய போனில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. எடுத்துச் சார்ஜரில் போடலாம் என்று கையை நீட்டினேன். வெறும் சார்ஜர், வேறொன்றுமில்லை. அத்தை அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

“நீங்க தொடாதீங்க தம்பி. எனக்கு இன்னும் ஒரு மகனுக்குப் பொண்ணு பாக்கணும்.”